கண்ணாடி மேலே நின்ற ஆண்டுகள்: டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் தனித்தொழில் ஒளிப்பதிவும்

டி.எஸ்.எல்.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் டிஜிட்டல் நிழற்படக் கேமராவின் அமைப்பு ஒரு கணத்தைப் பிடிப்பதற்காகவே உருவானது. லென்ஸ் வழியே நுழையும் ஒளியை அதன் பின்னால் சாய்வாக நிற்கும் சிறு கண்ணாடி மேல்நோக்கித் திருப்ப, அது ஐந்துபக்கப் பட்டகம் ஒன்றின் வழியாக எடுப்பவரின் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்ப, ஒளியை மின்குறியாக மாற்றும் சென்சார் என்னும் சில்லின் மீது ஒளி விழுந்து படம் பதிவாகி, கண்ணாடி மீண்டும் தன் இடத்துக்கு இறங்குகிறது. நகரும் படம் எடுக்க வேண்டுமானால் அந்தக் கண்ணாடி எடுப்பு முடியும்வரை மேலேயே நிற்க வேண்டும்; அப்படி நின்றால் கண்வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். எந்த உறுப்பின் பிரதிபலிப்பால் இக்கேமரா பெயர்பெற்றதோ அந்த உறுப்பை ஒதுக்கி நிறுத்தினால்தான் அதில் வீடியோ எடுக்க முடியும் என்னும் நிலையில், இக்கருவி 2008-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாத, வேலைக்கு வேலை கூலி பேசி இயங்கும் தனித்தொழில் ஒளிப்பதிவாளர்களின் முதன்மைக் கருவியானது. விலை மலிவே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். அக்கருவியில் இல்லாதவற்றையெல்லாம் அதை ஏந்தியவர்கள் தங்கள் உழைப்பால் ஈடுகட்டினார்கள் என்பது மறுபாதி. இத்தொழிலின் வரலாற்றை விளக்குவதும் அதுவே.

இம்மாற்றத்தின் அளவை உணர, அதற்கு முந்தைய நிலையைக் காண வேண்டும். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து, குறிப்பாக 1995-இல் சோனி நிறுவனத்தின் விஎக்ஸ்1000 கேமரா வந்தபின், சிறு நாடாவில் டிஜிட்டலாகப் பதியும் மினி டி.வி. முறையே சிறிய தயாரிப்பாளர்களின் முறையாக இருந்தது. 2002-இல் பானசோனிக் வெளியிட்ட டிவிஎக்ஸ்100, திரைப்படத்தைப் போலவே வினாடிக்கு 24 படங்கள் எடுக்கும் வசதியைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. எனினும் இக்கேமராக்களின் படம் திரைப்படம் போல் தோன்றவில்லை. காரணம் சென்சாரின் அளவு. இவ்வகைக் கேமராக்களில் இருந்த மூன்றில் ஓர் அங்குலச் சில் உண்மையில் 4.8 மி.மீ. அகலமும் 3.6 மி.மீ. உயரமும் கொண்டது. சில் சிறுத்தால், அதே பரப்பைச் சட்டகத்துக்குள் கொண்டுவர மிகக் குறுகிய குவியத்தூரமுள்ள லென்ஸ் தேவைப்படும். குவியத்தூரம் குறுகக் குறுக, முன்னால் நிற்பவரும் பின்னாலுள்ள சுவரும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவார்கள். முகம் மட்டும் கூர்மையாக நிற்க, பின்புலம் கரைந்து மங்கும் தோற்றத்தையே மக்கள் திரையரங்கில் கண்டு பழகியிருந்தார்கள். தெளிவாகத் தெரியும் இந்த முன்பின் எல்லையைக் குவிய ஆழம் என்பர்; அது ஒடுங்கியிருப்பது செலவுமிக்க படத்தின் அடையாளமாகவே பார்வையாளர் மனத்தில் பதிந்திருந்தது.

அந்தத் தோற்றத்தை அடைய ஒளிப்பதிவாளர்கள் பட்ட பாடு தனி வரலாறாக எழுதத் தக்கது. வீடியோ கேமராவின் முன்னால் ஒரு குழலைப் பொருத்தி, அதன் முனையில் நிழற்படக் கேமராவின் லென்ஸை மாட்டி, அந்த லென்ஸ் உருவாக்கும் படத்தைக் குழலுக்குள் சுழன்றோ அதிர்ந்தோ கொண்டிருக்கும் தேய்த்த கண்ணாடி ஒன்றில் விழச்செய்து, அதையே வீடியோ கேமராவால் படமெடுக்கும் முறை 2000-களில் பரவியது. பி பிளஸ் எஸ் டெக்னிக் நிறுவனத்தின் மினி35, ரெட்ராக் மைக்ரோவின் எம்2, லீட்டஸ்35 ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. இக்குழல்கள் ஒளியைப் பெருமளவு விழுங்கின. பல மாதிரிகளில் படம் தலைகீழாகத் தெரிந்தது. கேமராவின் நீளம் முழங்கை அளவுக்கு நீண்டது. இத்தனையையும் பொறுத்துக்கொண்டு அவற்றை வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே, பெரிய சில்லுக்கான தாகம் டி.எஸ்.எல்.ஆர். வருவதற்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்று. 2007-இல் வெளிவந்த ரெட் ஒன் கேமரா அத்தாகத்தைத் தணித்தது. ஆனால் லென்ஸோ பிற துணைக்கருவிகளோ இல்லாத வெறும் உடலுக்கே 17,500 டாலர் என்பது தனித்தொழிலாளரின் கைக்கு எட்டும் விலையன்று.

தாகம் ஒரு பக்கம் இருக்க, விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. எடுக்கும் முன்பே பின்பக்கத் திரையில் காட்சியைப் பார்த்துக்கொள்ளும் லைவ் வியூ என்னும் வசதி, 2006-இல் ஒலிம்பஸ் இ-330 கேமராவிலும், 2007-இல் கேனன், நிக்கான் நிறுவனங்களின் புதிய மாதிரிகளிலும் இடம்பெற்றது. கண்ணாடியை மேலே நிறுத்திச் சென்சாரிலிருந்து தொடர்ச்சியாகப் படங்களை வாசித்துத் திரைக்கு அனுப்புவதே அதன் இயக்கம். திரைக்குச் செல்லும் அந்த ஓட்டத்தை அட்டைக்கும் அனுப்பினால் வீடியோ. அதே காலத்தில், செய்தி நிறுவனங்கள் தங்கள் நிழற்படக்காரர்களிடம் இணையதளங்களுக்காக நகரும் படத்தையும் கேட்கத் தொடங்கியிருந்தன; அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ் போன்ற நிறுவனங்களின் இத்தேவையே கேனன் தன் கேமராவில் வீடியோவைச் சேர்த்ததற்குக் காரணம் என்பது பரவலாகப் பதிவான செய்தி. ஆகவே, குறும்படம் எடுப்பவரையோ திருமண வீடியோ எடுப்பவரையோ மனத்தில் கொண்டு அந்த வசதி அமைக்கப்படவில்லை. தோளில் இரண்டு கேமராவைத் தொங்கவிட முடியாத செய்திப் படக்காரருக்கான உபரி வசதி அது. பின்னாளில் அக்கருவி காட்டிய குறைகள் அனைத்தும் இத்தோற்றத்திலிருந்தே கிளைத்தவை.

2008 ஆகஸ்ட் 27 அன்று நிக்கான் அறிவித்த டி90, வீடியோ பதியும் முதல் டி.எஸ்.எல்.ஆர். என்னும் பெயரைப் பெற்றது. 720 வரித் தெளிவில் வினாடிக்கு 24 படங்களை, ஒரே முறையில் ஐந்து நிமிடம் வரை அது பதிந்தது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. பழைய 35 மி.மீ. நிழற்படச் சுருளின் சட்டகத்துக்கு இணையான, 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சென்சார். 1080 வரி முழுத்தெளிவு வீடியோ. அமெரிக்காவில் உடலின் விலை 2,699 டாலர். பரப்பளவில் பார்த்தால் இச்சென்சார் மூன்றில் ஓர் அங்குலச் சில்லைப்போல் சரியாக 50 மடங்கு. திரைப்படக் கேமராவின் சட்டகத்தையும் அது விஞ்சியது. குழலும் தேய்த்த கண்ணாடியும் கொண்டு ஒளிப்பதிவாளர்கள் துரத்திய தோற்றம், நூறு டாலர் அளவிலான ஒரு 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தியதுமே கிடைத்தது.

அக்கேமராவின் திறத்தை உலகுக்குக் காட்டியவர் வின்சென்ட் லாஃபோரே. நியூயார்க் டைம்ஸ் நிழற்படக் குழுவில் ஒருவராக 2002-இல் புலிட்சர் பரிசு பெற்ற இவர், அப்போது எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாக இயங்கிக்கொண்டிருந்தார். விற்பனைக்கு வராத மாதிரிக் கேமரா ஒன்றை ஒரு வார இறுதிக்கு மட்டும் இரவல் பெற்று, நியூயார்க் நகரின் இரவுத் தெருக்களில் சிறு குழுவோடு அவர் எடுத்த ‘ரெவரி’ என்னும் குறும்படம், அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே இணையத்தில் பரவியது. கதை என்று அதில் பெரிதாக எதுவும் இல்லை. தெரு விளக்கின் ஒளியே போதும் என்பதும், அவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படம் புள்ளி புள்ளியாகச் சிதறவில்லை என்பதும்தான் பார்த்தவர்களைத் தொட்டன. விளக்குகளை வாடகைக்கு எடுத்து, அவற்றுக்கு ஆளும் மின்னாக்கியும் அமர்த்தி நடந்துவந்த வேலையின் ஒரு பெரும்பகுதி, அந்தச் சில நிமிடப் படத்தில் தேவையற்றதாகத் தோன்றியது. 2007-இல் உயர்தெளிவு வீடியோவை ஏற்கத் தொடங்கிய விமியோ தளமும், 2008-இன் இறுதியில் அதே வழியில் வந்த யூடியூபும் இப்படிப்பட்ட படங்களைக் காட்ட மேடை அமைத்திருந்தன. அவை இல்லாமல் இக்கேமராவின் பெயர் அவ்வளவு விரைவில் பரவியிருக்காது.

ஆனால் கடையில் வாங்கிய கேமராவைக் கையில் எடுத்தவர்கள் உடனே ஒரு சுவரில் முட்டிக்கொண்டார்கள். ஒளி நுழையும் துளையின் அளவாகிய அப்பர்ச்சர், ஒவ்வொரு படமும் ஒளிபெறும் நேரமாகிய ஷட்டர் வேகம், சென்சாரின் ஒளியுணர்திறனாகிய ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் வீடியோ எடுக்கும்போது கேமராவின் விருப்பப்படியே அமைந்தன. காட்சியின் நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கடந்துபோனாலும் படம் முழுவதும் மங்கி மீண்டது. தொழில்முறை வேலைக்கு இது ஒவ்வாது. ஆகவே பயனர்கள் தந்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். அப்பர்ச்சரைக் கையாலேயே திருப்பி நிறுத்தும் வளையமுள்ள பழைய நிக்கான் லென்ஸை இணைப்பு வளையம் ஒன்றின் உதவியால் கேனன் உடலில் மாட்டினார்கள். கேனன் லென்ஸிலேயே வேண்டிய அளவுக்குத் துளையைச் சுருக்கி, அந்நிலையிலேயே லென்ஸைச் சற்றுத் திருகித் தளர்த்தி மின்தொடர்பைத் துண்டித்தார்கள். ஒளிமிக்க ஒரு பொருளை நோக்கிக் கேமராவைத் திருப்பி, அளவை அங்கேயே பூட்டிக்கொண்டு காட்சிக்குத் திரும்பினார்கள். இந்த முறைகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வேகமாகப் பரவின. கேனன் 2009 ஜூனில் வெளியிட்ட உள்மென்பொருள் திருத்தம் மூன்று அளவுகளையும் எடுப்பவரின் கைக்குக் கொடுத்தது. வாங்கியவர்களின் வற்புறுத்தலால் ஒரு கேமராவின் இயல்பே விற்பனைக்குப் பின் மாறியதற்கு இது முக்கியமான எடுத்துக்காட்டு.

அடுத்த தடை படங்களின் எண்ணிக்கை. 5டி மார்க் 2 வினாடிக்கு 30 படங்களை மட்டுமே எடுத்தது. திரைப்படம் 24 படங்களில் ஓடுவது. இந்தியா, இலங்கை, ஐரோப்பா ஆகிய இடங்களின் தொலைக்காட்சி முறையோ 25 படங்கள் கொண்டது. எண்ணிக்கையை மாற்றினால் அசைவு திக்கித் திணறும். அதோடு, இந்நாடுகளில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்னும் கணக்கில் ஓடுவதால், குழல்விளக்கு ஒளியில் ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் ஒளி துடிக்கும். 24, 25 ஆகிய எண்ணிக்கைகளும், ஒலியின் அளவைக் கையால் அமைக்கும் வசதியும் 2010 மார்ச் திருத்தத்தில்தான் 5டி மார்க் 2-க்குக் கிடைத்தன. அதற்குள் 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 7டி, சிறிய சென்சாருடன் இந்த 24, 25 எண்ணிக்கைகளைத் தொடக்கத்திலிருந்தே கொண்டு வந்தது. 2010 பிப்ரவரியில் வந்த 550டி அவற்றைச் சுமார் 800 டாலருக்கு இறக்கியது. கல்லூரி முடித்த இளைஞர் கடன் வாங்கியாவது தொழில் தொடங்கலாம் என்னும் நிலை அந்த மாதத்தில்தான் பிறந்தது எனலாம்.

கேமரா எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்பது இன்னொரு கட்டு. அட்டைகளில் கோப்புகளை அடுக்கும் பழைய முறை ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட விடாது. 5டி மார்க் 2-இல் அது ஏறத்தாழ 12 நிமிடம். காட்சி எளிதாக இருந்து கோப்பு சிறுத்தாலும் 29 நிமிடம் 59 வினாடிக்கு மேல் ஓடாது. இந்த விந்தையான எண்ணுக்குப் பின்னால் இருந்தது பொறியியல் அன்று, வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாட்டில், 30 நிமிடம் தொடர்ந்து பதியவல்ல கருவி வீடியோ கேமராவாகக் கொள்ளப்பட்டுக் கூடுதல் தீர்வைக்கு உள்ளானது. ஒரு வினாடி குறைத்தால் அது நிழற்படக் கேமரா. குறும்படம் எடுப்பவருக்கு இக்கட்டு ஒரு பொருட்டன்று, ஏனெனில் அவருடைய எடுப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டுவதே அரிது. மேடைப்பேச்சு, கச்சேரி, சடங்கு ஆகியவற்றை எடுத்துப் பிழைப்பவருக்கோ அது உயிர்நாடியான சிக்கல். நீண்ட நேரம் ஓடினால் சென்சார் சூடேறி எச்சரிக்கைக் குறி தோன்றுவதும் வழக்கமாக இருந்தது.

ஒலியில்தான் இக்கருவியின் குறை மிகவும் வெளிப்பட்டது. உள்ளமைந்த சிறு ஒலிவாங்கி, லென்ஸ் சுழலும் ஓசையையும் எடுப்பவரின் மூச்சையும் பேசுபவரின் குரலுக்கு இணையாகப் பதிந்தது. யாரும் பேசாத இடைவெளியில் தானியங்கி அமைப்பு இரைச்சலை உயர்த்திக் காட்டியது. காதில் மாட்டிக் கேட்டுச் சரிபார்க்கும் துளைகூட 5டி மார்க் 2-இல் இல்லை. ஆகவே, திரைப்படத்துறை பல்லாண்டுகளாகக் கையாண்ட, படத்தை ஒரு கருவியிலும் ஒலியை வேறொரு கருவியிலும் பதிந்து பின்னர் பொருத்தும் முறை, திருமண மண்டபத்துக்கும் தெருவோரப் பேட்டிக்கும் இறங்கி வந்தது. 2009-இல் வந்த ஜூம் எச்4என் என்னும் கையடக்க ஒலிப்பதிவான் பலருடைய பையில் நிரந்தர இடம்பெற்றது. கிளாப் கட்டை அடிப்பதற்கு உதவியாளர் இல்லாதவர்கள் கேமரா முன் கையைத் தட்டி, அந்தத் தட்டலின் ஒலியையும் உருவத்தையும் ஒன்றாக வைத்துப் பொருத்தினார்கள். இரண்டு ஒலிகளின் அலை வடிவங்களை ஒப்பிட்டுத் தானே பொருத்தும் புளூரல்ஐஸ் மென்பொருள் 2009-இல் வந்தபோது அது ஒரு வரமாகவே பட்டது. ஒலிப்பதிவாளர் என்னும் தனி ஆள் செய்த வேலை, கூலி கூடாமலே ஒளிப்பதிவாளரின் தலையில் ஏறியது இக்காலத்தில்தான்.

குவியத்தைப் பிடிப்பதும் அப்படியே. ஒடுங்கிய குவிய ஆழம் அழகைத் தந்தது. அதற்கு விலையாக, பேசுபவர் நாற்காலியில் சற்றே சாய்ந்தாலும் கண்கள் மங்கிக் காது கூர்மையாயிற்று. திரைப்படத்தில் நாடாவால் தூரத்தை அளந்து, லென்ஸின் வளையத்தைத் திருப்புவதற்கென்றே ஓர் உதவியாளர் உண்டு. தனியாளாக இயங்குபவரோ ஒரு கையால் கேமராவைத் தாங்கி, மறுகையால் வளையத்தைத் திருப்பி, மூன்று அங்குலத் திரையைப் பார்த்துத் தெளிவை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. வெயிலில் அத்திரையும் தெரியாது. திரைமேல் பொருத்திக் கண்ணை வைக்கும் உருப்பெருக்கிக் குழல், தோளில் தாங்கும் சட்டம், பல்சக்கரத்தால் வளையத்தைத் திருப்பும் அமைப்பு, வெயிலின் மிகுதியைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் என்.டி. வடிகண்ணாடி என ஒரு துணைக்கருவித் தொழிலே இக்குறைகளைச் சுற்றி எழுந்தது. கேமராவின் விலைக்கு ஈடாகவும் அதற்கு மேலும் இவற்றுக்குச் செலவானது உண்டு. மலிவு என்று பேசப்பட்ட கருவி, தொழிலுக்குத் தகுதியாகி நிற்கும்போது மலிவாக இருக்கவில்லை.

படத்திலேயே வேறு சில கோளாறுகளும் இருந்தன. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால், கேமராவை வேகமாகத் திருப்பினால் கம்பங்கள் சாய்ந்து தோன்றின. 21 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து வீடியோவுக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டுவிட்டதால், செங்கல் சுவரிலும் நெருங்கிய கோடு போட்ட சட்டையிலும் வானவில் நெளிவுகள் ஊர்ந்தன. பட்டுச் சேலையின் நெசவு இந்நெளிவுக்குத் தப்புவது கடினம். எடுத்த கோப்புகளோ எச்.264 என்னும் மிக இறுக்கமான முறையில் சுருக்கப்பட்டிருந்தன. அன்றைய கணினிகள் அவற்றை விரித்து ஓட்டத் திணறியதால், படத்தொகுப்புக்கு முன் இரவெல்லாம் வேறு வடிவத்துக்கு மாற்ற விட்டுவிடுவது வழக்கமாயிற்று. 2010-இல் வந்த பிரீமியர் புரோ சிஎஸ்5 அச்சுருக்கத்தை நேரடியாகக் கையாளத் தொடங்கிய பின்னரே அந்த இரவுகள் குறைந்தன.

உற்பத்தியாளர் கொடுக்காததைப் பயனர்களே உருவாக்கிக்கொண்டதற்கு மேஜிக் லாண்டர்ன் தலைசிறந்த சான்று. டிரம்மல் ஹட்சன் என்பவர் 2009-இல் 5டி மார்க் 2-க்காக எழுதத் தொடங்கிய இம்மென்பொருள், அட்டையிலிருந்து கேமராவின் உள்மென்பொருளோடு சேர்ந்து இயங்கி, ஒலியளவு காட்டி, மிகையொளிப் பகுதிகளை வரிக்கோடிட்டுக் காட்டும் குறி முதலியவற்றைத் திரையில் சேர்த்தது. இலவசமாகப் பகிரப்பட்டு, பலர் கைசேர்த்து வளர்த்த அது, 2013-இல் 5டி மார்க் 3-ஐச் சுருக்கப்படாத மூல வீடியோவைப் பதியவும் வைத்தது. அத்தகைய பதிவைக் கேனன் நிறுவனமே அக்கேமராவுக்கு அறிவித்திருக்கவில்லை. கேமரா கெட்டால் உத்தரவாதம் போய்விடும் என்னும் அச்சத்தோடுதான் பலரும் அதை ஏற்றிக்கொண்டார்கள், ஆயினும் ஏற்றிக்கொண்டார்கள்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இக்கருவியால் மட்டுமே எடுத்திருக்கக்கூடிய படங்கள் உண்டு. சுதந்திர நிழற்படச் செய்தியாளரான டான்ஃபங் டென்னிஸ், 2009-இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்களோடு சென்றபோது, ஆட்டத்தைக் குறைக்கும் தாங்கியில் 5டி மார்க் 2-ஐயும் ஒரு ஒலிவாங்கியையும் பொருத்தித் தனியாளாகப் படமெடுத்தார். அதிலிருந்து உருவான ‘ஹெல் அண்ட் பேக் அகெய்ன்’ ஆவணப்படம் 2011-இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்று, ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. செய்தி நிறுவனங்களின் தேவைக்காகப் பிறந்த வசதி, ஒரு செய்திப் படக்காரரின் கையிலேயே தன் முழுப்பயனை அடைந்தது என்ற வகையில் இது கருதத் தக்கது. பெருநிறுவனங்களும் இக்கருவியை எடுத்தாண்டன: 2010 மே 17 அன்று ஒளிபரப்பான ‘ஹவுஸ்’ தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி, இடிந்த கட்டடத்தின் குறுகிய இடுக்குகளில் நடக்கும் கதை என்பதால், முழுவதும் 5டி மார்க் 2-இல் எடுக்கப்பட்டது, 2012-இல் வந்த ‘ஆக்ட் ஆஃப் வேலர்’ பெரும்பகுதி அதிலேயே எடுக்கப்பட்டது. இவை விளம்பரத்துக்கு உதவின. தொழிலை மாற்றியவை அவை அல்ல.

இந்தியாவில் இக்கருவியின் பயன் இரண்டு வழிகளில் ஓடியது. ஒன்று திரைப்படம். 2011-இல் வெளிவந்த அமோல் குப்தேயின் ‘ஸ்டான்லி கா டப்பா’, பள்ளிக் குழந்தைகளோடு சனிக்கிழமைப் பயிலரங்குகளாக நடத்தி 7டி-யில் எடுக்கப்பட்டது. கண்முன் இருந்தது நிழற்படக் கேமராவாகத் தோன்றியதால் குழந்தைகளிடம் நடிக்கிறோம் என்னும் விறைப்பு இல்லை. அதே ஆண்டில் ராம் கோபால் வர்மா ‘தொங்கல முட்டா’ என்னும் தெலுங்குப் படத்தை இவ்வகைக் கேமராக்களைக் கொண்டு ஐந்தே நாளில் எடுத்தார். தமிழில், பாலாஜி சக்திவேல் இயக்கி எஸ்.டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த ‘வழக்கு எண் 18/9’ 2012-இல் நிழற்படக் கேமராவால் எடுக்கப்பட்டு வெளிவந்து, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி குறும்படத்துக்கு ஒரு பொதுமேடையை அமைத்ததும், 5டி, 7டி கேமராக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம்.

மற்றொன்று திருமணம். திரைப்படத்தைவிடப் பன்மடங்கு கூடுதலான கைகளுக்கு வேலை கொடுத்தது அதுவே. அதைப் பற்றி எழுதப்பட்டதோ மிகக் குறைவு. வி.எச்.எஸ். நாடாக் காலத்திலிருந்து தமிழ்நாட்டில் திருமண வீடியோ என்பது சடங்கின் முழுப்பதிவாகவே இருந்தது. பெண்ணழைப்பிலிருந்து முகூர்த்தம்வரை, பின்னர் பரிசளிக்க வரிசையில் வரும் ஒவ்வொருவரையும் விடாமல், பளிச்சென்ற விளக்கு ஒன்றை ஏந்திய உதவியாளர் உடன்வர, சோனி பிடி170 போன்ற கேமராக்கள் மணிக்கணக்கில் ஓடின. யார் யார் வந்தார்கள் என்பதற்கு அந்த வீடியோ குடும்பத்தின் ஆவணம். 12 நிமிடத்தில் நின்றுபோகும் டி.எஸ்.எல்.ஆர். அந்த வேலைக்குத் தகாது. தாலி கட்டும் கணத்தில் கேமரா நின்றுவிட்டால் அக்கணத்தை மீண்டும் நிகழ்த்தவும் முடியாது. ஆகவே பழைய கேமரா மேடையின் முன் தன் இடத்திலேயே நின்றது. புதிய கேமராவை ஏந்தியவர் மண்டபத்தைச் சுற்றிவந்து, மணப்பெண்ணின் விழி, பாட்டியின் கை, பந்தியில் சிரிக்கும் சிறுவன் எனத் துண்டு துண்டாக எடுத்து, அவற்றைப் பாட்டோடு சேர்த்துச் சில நிமிடப் படமாகத் தொகுத்தார். முன்னது டிரெடிஷனல் வீடியோ என்றும், பின்னது கேண்டிட் வீடியோ என்றும் விலைப்பட்டியலில் தனித்தனி வரிகளாயின. கருவியின் ஒரு தொழில்நுட்பக் குறை, ஒரு தொழிலை இரண்டு தொழிலாகப் பிரித்தது.

இப்பிரிவு வருமானத்தையும் மதிப்பையும் பிரித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேண்டிட் எடுப்பவர் கலைஞர் என்று பெயர்பெற, விடியற்காலை நான்கு மணியிலிருந்து கால்கடுக்க நின்று முழுச்சடங்கையும் பதிந்தவர் பழைய பாணிக்காரராக ஒதுக்கப்பட்டார்; ஆனால் பெற்றோர் ஆண்டுகள் கழித்து, இறந்துபோன உறவினரின் முகத்தைத் தேடுவது அந்தப் பழைய பாணிப் பதிவில்தான். கேண்டிட் எடுப்பவரின் நிலையும் பொதுவாகக் கருதப்பட்டது போல் எளிதாக இருக்கவில்லை. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, குவியம் பிடித்தல், கோப்பு மாற்றல், தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு ஆகிய ஆறு பேரின் வேலையை ஒருவர் செய்ததைக் கருவியின் வெற்றியாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

உற்பத்தியாளர்கள் இச்சந்தையை விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். 2011 நவம்பர் 3 அன்று கேனன், அதே லென்ஸ்களை ஏற்கும் சி300 என்னும் தனி வீடியோ கேமராவை ஹாலிவுட்டில் அறிமுகப்படுத்தியது. ஒலிக்கான முறையான இணைப்புகளும் வடிகண்ணாடியும் அதன் உள்ளேயே அமைந்திருந்தன, விலையோ பல மடங்கு. 2013 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 70டி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்துத் தூரத்தை அறியும் முறையால் வீடியோவிலும் தானே குவியம் பிடித்தது. கண்ணாடியே இல்லாத வகையில் பானசோனிக் 2009-இல் ஜிஎச்1-உடன் தொடங்கிய வரிசை, 2014-இல் ஜிஎச்4 வழியாக 4கே தெளிவை எட்டியது; அதே ஆண்டில் சோனியின் ஏ7எஸ் நிலவொளியில்கூடப் படமெடுத்தது. வீடியோவுக்காக மேலேயே நிற்க வேண்டியிருந்த கண்ணாடிக்கு இனி வேலை இல்லை என்பது அத்துடன் தெளிவாயிற்று. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 1டி எக்ஸ் மார்க் 3-ஏ தங்கள் கடைசி முதன்மை டி.எஸ்.எல்.ஆர். என்று 2021 டிசம்பரில் கேனனின் தலைவர் ஃபுஜியோ மிட்டராய் தெரிவித்தார்.

இன்றைய கண்ணாடியற்ற கேமராக்கள் பல, அட்டை நிறையும்வரை தொடர்ந்து பதிகின்றன. 12 நிமிடக் கட்டு மறைந்துவிட்டது. தமிழ்நாட்டுத் திருமண விலைப்பட்டியல்களில் டிரெடிஷனல் வீடியோவும் கேண்டிட் வீடியோவும் இன்றும் இரண்டு வரிகளாகவே இருக்கின்றன, இரண்டையும் எடுப்பது பெரும்பாலும் ஒரே வகைக் கேமராவாக இருந்தும்.